மறிப்பில் இறங்கியவர்கள்

தாழைமுனைப் பெண்கள் நாற்பது நாள் கடலில் கால் வைக்கவில்லை. அதைப் பார்த்த மேலிடம், அந்தக் கடல் யாருக்கும் வேண்டாத கடல் என்று முடிவுக்கு வரப் பார்த்தது. பிரச்சினை இவ்வளவுதான். அதைத் தீர்க்கிறேன் பேர்வழி என்று கிளம்பி நான் செய்து வைத்த காரியத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

மேலிடம் என்று எங்கள் பக்கத்தில் சொல்வது உலகக் கடல் ஆணையத்தின் இயந்திரத்தை. அதற்கு நீளமாக ஒரு அதிகாரப்பூர்வப் பெயர் உண்டு. அதை யாரும் முழுதாகச் சொல்லி நான் கேட்டதில்லை. பூமியிலுள்ள கடல் முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, எந்தக் கட்டம் திறந்திருக்கும், எது மூடியிருக்கும் என்று தீர்மானிப்பது அதன் வேலை. மூடிய கட்டத்துக்குள் படகு நுழைந்தால் எஞ்சின் தானாக நின்றுவிடும். மனிதர் கடலில் இறங்கினால் கையில் பட்டை கட்டியிருக்க வேண்டும். எங்கே, எவ்வளவு நேரம் இருந்தார் என்று பட்டை பதிந்துகொள்ளும். இவை போதாதென்று ஒவ்வொரு ஊர்த் துறையிலும் அதற்கு ஒரு மஞ்சள் கருவி. ஆமை அளவுதான் இருக்கும். தானே கடலில் இறங்கும், தண்ணீரை அளக்கும், தானே திரும்பி வந்து மேடையில் ஏறிக்கொள்ளும். பிள்ளைகள் அதை மஞ்சள் ஆமை என்பார்கள்.

திட்டுகிறவர்கள் திட்டட்டும், எனக்கு மேலிடத்தின் மேல் மரியாதை உண்டு. அது வருவதற்கு முன்பு நாடுகளெல்லாம் கூடிக் கூடிப் பேசியே கடலைக் காலி செய்து வைத்திருந்தன. அது வந்த மூன்றாம் வருடம் அடிமண்ணை வழித்தெடுக்கும் இழுவைமடிகள் நின்றன. ஐந்தாம் வருடம் ஆவுளியா என்கிற கடற்பசு கூட்டமாக மேய்வதைப் பார்த்ததாகப் பேப்பரில் படம் வந்தது. ஒரே விதி, எல்லோருக்கும் ஒரே விதி என்பது அதன் பலம். அதுவே அதன் கோளாறும்.

நான் மகிழினி. பரமக்குடிக்காரி, கல்லூரிக்குப் போகும் வரை கடலைப் பார்த்ததே இரண்டு தடவைதான். மண்டபம் ஊரில் இருந்த வட்டாரக் கடல் மன்றத்தில் இணைப்பு அலுவலராக ஆறு வருடம் இருந்தேன். மேலிடம் சொல்வதை ஊருக்குச் சொல்ல வேண்டும், ஊர் சொல்வதை மேலிடத்துக்குச் சொல்ல வேண்டும். நான் ஊர்ப் பக்கம் பேசுகிறேன் என்று மேலிடம் நினைத்தது. மேலிடத்துப் பக்கம் பேசுகிறேன் என்று ஊர் நினைத்தது. இரண்டுமே உண்மைதான், கிழமையைப் பொறுத்தது.

தாழைமுனையில் பாசி எடுக்கும் பெண்கள் இருபத்தாறு பேர். விரலில் துணி சுற்றி, துடுப்பாகக் காலில் தட்டுக் கட்டி, கண்ணாடி மாட்டிக்கொண்டு, நொச்சித்தீவைச் சுற்றியுள்ள பார்களில் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் எடுப்பார்கள். பார் என்றால் தண்ணீருக்கடியில் கிடக்கும் பாறைத் திட்டு. அந்தப் பாசியை விற்றுத்தான் அவர்களுக்குச் சோறு. வருடத்தில் நாற்பத்தைந்து நாள், சித்திரை முதல் தேதியிலிருந்து வைகாசி பதினான்கு வரை, அவர்கள் அந்தப் பாரில் இறங்குவதில்லை. பாசி வேர்விட்டு வளரட்டும் என்று விட்டுவிடுவார்கள். இதற்கு மறிப்பு என்று பெயர். யாரும் சொல்லி வைத்த ஏற்பாடில்லை, மன்றமும் மேலிடமும் பிறப்பதற்கு முன்பே அவர்களாக வைத்துக்கொண்டது.

மேலிடத்தின் விதி இன்னொன்று. மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு கடற்பகுதிக்கும் நாற்பது நாள் பார்வைக் காலம் வரும். அந்த நாற்பது நாளில் மனிதத் தடம் ஒன்றுமில்லை என்றால் அந்தக் கட்டம் ஆளில்லாக் கட்டம். நிரந்தரமாக மூடி உலகக் காப்பகத்தோடு சேர்த்துவிடுவார்கள். இந்தத் தடவை எங்கள் கடலுக்கான பார்வைக் காலம் சித்திரை மூன்றில் தொடங்கி வைகாசி பதினொன்றில் முடிந்தது. அதாவது மறிப்புக்குள்ளேயே தொடங்கி, மறிப்புக்குள்ளேயே முடிந்தது.

தேதியை மாற்றச் சொல்லி மூன்று தடவை எழுதினேன். "ஒரு கரைக்கு மாற்றினால் எல்லாக் கரைக்கும் மாற்ற வேண்டும், அன்புகூர்ந்து பொறுத்தருள்க" என்று பதில் வந்தது. மேலிடத்தின் தமிழ் எப்போதும் பாடப்புத்தகத் தமிழ்தான்.

சித்திரை பத்தாம் தேதி தாழைமுனைக்குப் போனேன். பெண்கள் கூடும் கொட்டகை துறைக்குப் பக்கத்திலேயே இருந்தது. உள்ளே சுவரில் வரிசையாக ஆணி அடித்து இருபத்தாறு பட்டைகளும் தொங்கின. ஒவ்வொன்றிலும் நகப்பூச்சால் பெயர் எழுதியிருந்தது. கூட்டத்துக்குத் தலைவி நம்புவள்ளி. ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசாத பெண். அன்றைக்குத் தரையில் உட்கார்ந்து பழைய சாக்குகளைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"ஒரே ஒரு நாள் நம்புக்கா. ஒரு மணி நேரம். எல்லாரும் பட்டையக் கட்டிக்கிட்டு எறங்கி நின்னுட்டு வந்திருங்க. பாசியே எடுக்க வேணாம்."

"எடுக்காம எதுக்கு மேடம் எறங்கணும்?"

"பட்டையில பதியும். இந்த ஊர் ஆளுக இந்தக் கடல்ல இருக்காகன்னு மேலிடத்துக்குத் தெரியும்."

"நாங்க இருக்கப்போயிதான போகாம இருக்கோம்? ஆளில்லாத கடலா இருந்தா இந்நேரம் எவனாச்சும் போயி வழிச்சு எடுத்துருப்பான்ல."

"எனக்கு அது புரியுது. அதுக்குப் புரியாதுக்கா. போனாத் தடம் இருக்கும். போகாம இருந்ததுக்கு ஏது தடம்?"

நம்புவள்ளி ஊசியில் நூலைக் கோத்து முடித்தார். பிறகு, "போன வருசம் கூட்டம் போட்டீகளே, அதுல பதினாலாம் பிரிவுன்னு என்னமோ ஒண்ணு படிச்சுக் காட்டுனீக" என்றார்.

எனக்கே மறந்துபோயிருந்தது. மேலிடத்தை உண்டாக்கிய உலக ஒப்பந்தத்தின் பதினான்காம் பிரிவு அது. ஒரு வட்டாரத்தில் மக்களின் விதி ஒன்று நடைமுறையில் இருக்குமானால், அங்கே உலக விதி ஒதுங்கி நிற்கும். படிக்க நன்றாக இருக்கும். எட்டு வருடத்தில் உலகம் முழுக்க நானூறுக்கு மேல் ஊர்கள் அதைக் கேட்டு விண்ணப்பம் போட்டன. எல்லாமே திரும்பி வந்தன. காரணம் ஒரே வரி: நடைமுறை நிரூபிக்கப்படவில்லை. பெரிய ஒப்பந்தங்களில் இப்படி ஒரு அழகான வரி எங்காவது இருக்கும். கையெழுத்துப் போட்டவர்கள் ராத்திரி நிம்மதியாகத் தூங்குவதற்காக எழுதப்பட்டது என்பது என் எண்ணம்.

"அதையும் எழுதிப் போட்டுருக்கேன்க்கா. ஒப்புக்குத்தான். அது நடக்காது."

"நடக்காட்டிப் போகுது. மறிப்புல எறங்க மாட்டோம் மேடம்."

"கடல் போயிரும்க்கா."

"மறிப்புல எறங்குனாலும் போயிரும். ஒரு தடவ எறங்குனா அடுத்த வருசம் ஆளாளுக்கு ஒரு காரணம் வச்சிருப்பாளுக. எம் மகளே வச்சிருப்பா."

அதற்கு மேல் பேச இடமில்லை. டீ கொடுத்து அனுப்பினார்.

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தைவிடப் பயம் அதிகம். முந்தைய வருடம் சிப்பித்துறை என்ற ஊர் இதே மாதிரிதான் போயிற்று. அங்கே மூடல் அறிவிப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். வாங்கிய பெரியவர் அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "சாப்பிட்டீங்களா தாயி?" என்று கேட்டார். இப்போது அந்த ஊர் ஆட்கள் கோயம்புத்தூரில் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குக் காவல் இருக்கிறார்கள். இன்னொரு முறை அப்படி ஒரு தாளை நீட்ட என்னால் முடியாது. நிஜமாகவே முடியாது.

சித்திரை இருபத்திரண்டாம் தேதி காலை கொட்டகைக்குப் போனேன். காவலுக்கு இருந்த பெண்ணிடம், "பட்டையெல்லாம் சார்ஜ் குறைஞ்சிருக்கும், சரிபார்த்துத் தர்றேன்" என்று சொல்லி இருபத்தாறையும் வாங்கிக்கொண்டேன். மன்றத்தின் சின்னப் படகை நானே ஓட்டுவேன். மஞ்சள் ஆமை மேடையில் கிடப்பதைப் பார்த்துக்கொண்டுதான் கிளம்பினேன். அந்த மட்டுக்கு முன்யோசனை இருந்தது.

நொச்சித்தீவுப் பாருக்கு மேலே நங்கூரம் போட்டேன். பட்டைகளை ஒரு வலைப்பையில் போட்டு, கயிறு கட்டித் தண்ணீருக்குள் விட்டேன். நாலு மணி நேரம். கொண்டுபோன எலுமிச்சம் சாதத்தைச் சாப்பிட்டேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிளம்பும்போது நங்கூரம் சிக்கிக்கொண்டது. பலங்கொண்ட மட்டும் இழுத்ததில் உள்ளங்கையளவு பவளப்பாறை உடைந்து கூடவே வந்தது. அதைத் திரும்பத் தண்ணீரில் போட்டேன், ஏதோ அது போய் ஒட்டிக்கொள்ளப் போகிற மாதிரி.

துறையில் களஞ்சியம் நின்றாள். அந்தக் கூட்டத்தில் என்னோடு கொஞ்சம் சிரித்துப் பேசுகிறவள் அவள்தான்.

"எங்க போயிட்டு வாறீக மேடம்?"

"சும்மா, ஒரு ஆய்வு."

அவள் என் கையிலிருந்த ஈரப் பையைப் பார்த்தாள். பட்டைகளைத் துடைத்து மறுபடி ஆணிகளில் மாட்டிவிட்டு மண்டபம் திரும்பினேன்.

வைகாசி பதினான்கோடு மறிப்பு முடிந்தது. மறுநாள் காலையைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை. விடியும்போதே இருபத்தாறு பேரும் துறையில் நின்று குலவையிட்டுவிட்டுப் படகேறுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஐந்தரைக்கெல்லாம் போய் நின்றேன். யாரும் வரவில்லை. ஏழு மணிக்குக் கொட்டகையைத் திறந்தார்கள். உள்ளே போய் உட்கார்ந்தார்கள். மத்தியானம் எழுந்து வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். காற்றும் தண்ணீரும் நன்றாகத்தான் இருந்தன. ஏன் போகவில்லை என்று கேட்டால், "போகலாம் மேடம்" என்பார்கள். யாருக்காவது உடம்பு சரியில்லையா, படகு கோளாறா, ஊரில் சண்டையா? எதைக் கேட்டாலும் அதே பதில்தான். வைகாசி இருபத்து மூன்றாம் தேதி மேலிடத்தின் விசாரணை. கடலுக்குப் போய்க்கொண்டிருக்கும் ஊர் என்று காட்ட வேண்டிய நேரத்தில் இவர்கள் கொட்டகையில் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் பொறுக்க முடியாமல் கத்திவிட்டேன். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். என் கத்தலுக்குப் பயந்து குனிகிறார்கள் என்று நினைத்தேன்.

எட்டாம் நாள் களஞ்சியத்தின் வீட்டுக்குப் போனேன். அடுப்படியில் ரேஷன் அரிசிக் கஞ்சி மட்டும் இருந்தது. எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தாள்.

"நீயாவது சொல்லு களஞ்சியம். ஏன் போகல?"

"மறிப்புல யாரோ எறங்கிட்டாக மேடம்." கஞ்சிப் பானையை மூடியபடியே சொன்னாள். "அப்படி ஆயிருச்சுன்னா, எறங்குன ஆளு கொட்டகைக்கு வந்து அவுக வாயால சொல்லணும். சொல்ற வரைக்கும் ஒருத்தரும் கடலுக்குப் போகக் கூடாது. அதுதான் மொற."

"யாருன்னு தெரியுமா?"

"தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன? நாங்க சொன்னா அது கோள் சொன்னதா ஆயிரும். அவுகளா வரணும்."

"வராமலே போயிட்டா?"

"எங்க சின்னம்மா காலத்துல ஒரு தடவ முப்பத்தோரு நாளு கெடந்தாகளாம். கடைசில எறங்குனவளே வந்துட்டாளாம்." அவள் அப்போதும் என்னைப் பார்க்கவில்லை. "கஞ்சி ஆறுது, குடிங்க."

டம்ளரைக் கீழே வைத்தேன். எனக்கு அவ்வளவு அவமானமாக இருந்தது. ஊரே எட்டு நாளாக எனக்காகப் பட்டினி கிடக்கிறது. இருபத்தாறு பேருக்கும் தெரியும். நான் கத்தியபோது அவர்கள் தலையைக் குனிந்தது எனக்காக.

அப்போதே கொட்டகைக்கு ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. மறுநாள் விசாரணை. இன்றைக்குச் சொன்னால் பட்டைப் பதிவு பொய்யென்று ஆகிவிடும், கடல் போய்விடும், என் வேலையும் போய்விடும். விசாரணை முடியட்டும், முடிந்த மறுநிமிடம் சொல்லிவிடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். என் வேலையை அந்த வரிசையில் கடைசியாகத்தான் வைத்தேன் என்பதில் ஒரு சின்னத் திருப்தி வேறு.

விசாரணை கொட்டகையிலேயே நடந்தது. மேடையிலிருந்த மஞ்சள் ஆமையைத் தூக்கி வந்து நடுவில் ஒரு ஸ்டூலில் வைத்தோம். மேலிடம் அதன் வழியாகத்தான் பேசும். பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். அரைமணி நேரம் தேதிகளும் கட்ட எண்களும் போயின.

"பார்வைக் காலத்தில் ஒரேயொரு நாள் தடம் உள்ளது" என்றது மேலிடம். "சித்திரை இருபத்திரண்டு. இருபத்தாறு பட்டைகள், நான்கு மணி நேரம்."

"ஆமா" என்றேன்.

"இருபத்தாறு பட்டைகளும் நான்கு மணி நேரமும் ஒன்றுக்கொன்று ஒரு முழத்துக்குள் இருந்தன. இருபத்தாறு பேர் ஒரு முழ இடத்தில் நின்று பாசி எடுப்பது கடினம்."

யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது.

"மன்றத்தின் படகு கிளம்பி இருபது நிமிடம் கழித்து நானும் கிளம்பினேன். ஒரு வலைப்பையையும் நங்கூரத்தையும் கண்டேன். மனிதர் எவரையும் தண்ணீரில் காணவில்லை. எனவே ஒன்று தெரிய வேண்டும். பட்டைகளை ஊரார் கொடுத்தனுப்பினார்களா, அல்லது ஊராருக்குத் தெரியாமல் எடுத்துச் செல்லப்பட்டனவா? கொடுத்தனுப்பியிருந்தால் இது தாழைமுனையின் மோசடி. பாசி உரிமை இன்றோடு முடியும். தலைவி பதில் சொல்லலாம்."

நம்புவள்ளி நிமிர்ந்தார். ஒரு வார்த்தை போதும். இந்தம்மா பொய் சொல்லி வாங்கிக்கொண்டு போனார் என்று சொன்னால் ஊர் தப்பித்துவிடும்.

"அத நான் சொல்லக் கூடாதுங்க" என்றார். "சொல்ல வேண்டிய ஆளு சொல்லணும்."

"நீங்கள் சொல்லாவிட்டால் மோசடி என்றே பதிவாகும்."

"பதிஞ்சுக்கிடுங்க."

ஒருத்தியாவது என் பக்கம் திரும்புவாள் என்று பார்த்தேன். இருபத்தாறு பேரில் ஒருத்தியும் திரும்பவில்லை. களஞ்சியம் தரையில் விரலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். கடல் போனாலும் சரி, என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று உட்கார்ந்திருக்கிறார்கள். இவர்களுடைய விதி நடைமுறையில் இருக்கிறதா என்று நான் சந்தேகப்பட்டிருந்தேன். எழுந்து நின்றேன்.

மேலிடத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. நம்புவள்ளியைப் பார்த்துச் சொன்னேன்.

"மறிப்புல எறங்குனது நான்தான்க்கா. பொய் சொல்லிப் பட்டைய வாங்கிட்டுப் போனேன். நங்கூரத்துல பார் ஒடைஞ்சுது, அதையும் மறைச்சேன். நேத்தே எனக்கு விஷயம் தெரியும், நேத்தும் சொல்லல."

நம்புவள்ளி தலையசைத்தார். ஒரு பெண் எழுந்து எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவ்வளவுதான்.

"பதிவு செய்துகொண்டேன்" என்றது மேலிடம். "அலுவலர் மகிழினியின் மீது தனி நடவடிக்கை வரும். சித்திரை இருபத்திரண்டின் தடம் நீக்கப்படுகிறது. பார்வைக் காலத்தில் தாழைமுனையின் தடம், எதுவுமில்லை."

சரி, முடிந்தது என்று நினைத்தேன்.

"இப்போது ஒரு கேள்வி. மறிப்பு வைகாசி பதினான்கில் முடிந்தது. அதன் பிறகும் ஒன்பது நாள் எவரும் இறங்கவில்லை. இவர் சொல்வதற்காகவா காத்திருந்தீர்கள்?"

"ஆமாங்க."

"இனி இவருக்கு என்ன செய்வீர்கள்?"

"ஊரு எத்தன நாளு கெடந்துச்சோ அத்தன நாளு எறங்குன ஆளு கரையில இருந்து மத்தவுக பாசியக் காயப்போடணும். ஒம்பது நாளு. அதுக்கப்புறம் அதப் பத்தி யாரும் பேசப்படாது."

மேலிடம் சொன்னது எனக்கு இன்றைக்கும் வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது.

"பதினான்காம் பிரிவின் கீழ் நானூற்றுப் பதினேழு விண்ணப்பங்களை நிராகரித்திருக்கிறேன். எல்லா ஊரும் தங்களுக்கு ஒரு விதி இருப்பதாகச் சொன்னது. எவரும் அதை மீறியதில்லை என்று பெருமையாக எழுதியிருந்தது. மீறப்படாத விதியையும் வெறும் சோம்பலையும் என்னால் பிரித்தறிய இயலாது. மீறல் நடந்து, அதற்காக ஊர் தன் வயிற்றைக் கட்டி, மீறியவரைத் தண்டித்து, மறுபடி சேர்த்துக்கொள்வதை இன்றுதான் காண்கிறேன். தாழைமுனையில் மக்களின் விதி நடைமுறையில் உள்ளது. நொச்சித்தீவுக் கட்டங்களில் உலக விதி ஒதுங்கி நிற்கும்."

எனக்கு முதலில் புரியவே இல்லை. களஞ்சியம் என் கையைப் பிடித்து அழுத்தியபோதுதான் கண்ணில் தண்ணீர் வந்தது. நான் செய்த திருட்டுத்தனம் ஒன்றுதான் அவர்கள் தரப்பு ஆதாரம். அந்த ஆதாரமும் நான் வாயைத் திறக்கும் வரை ஆதாரமாக இல்லை. பெண்கள் எழுந்து கண்ணாடிகளைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள்.

"இருங்கடி" என்றார் நம்புவள்ளி. "இன்னும் முடியல."

எல்லோரும் நின்றார்கள். அவர் ஸ்டூலுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"அந்தப் பைய நீங்க பாத்தேன்னு சொன்னீகல்ல. எங்கருந்து பாத்தீக?"

"பாரின் மேல், நான்கு முழ ஆழத்தில்."

"அப்ப நீங்களும் மறிப்புல எறங்கிருக்கீக."

"நான் பாசி எடுப்பதில்லை."

"மேடமும் எடுக்கல."

"உலக விதிப்படி எல்லாக் கட்டங்களிலும் இறங்க எனக்கு அனுமதி உண்டு."

"இங்க உலக விதி ஒதுங்கி நிக்கும்னு இப்பத்தான சொன்னீக."

ஆறு வருடமாக அதோடு பேசியிருக்கிறேன். கேள்வி கேட்டு வாயை மூடுவதற்குள் பதில் வந்துவிடும். அன்றைக்குப் பதினொரு விநாடி ஒன்றும் வரவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் தெரியும். உலகம் முழுக்க எத்தனை கடல் அந்தப் பதினொரு விநாடியும் காத்துக் கிடந்ததோ.

"சித்திரை இருபத்திரண்டு மட்டுமல்ல" என்றது. "இந்த மறிப்பில் நான் பதினேழு முறை இறங்கியிருக்கிறேன். அது மறிப்பு என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் இறங்கியது நான்தான்."

"சரி" என்றார் நம்புவள்ளி. "ஒம்பது நாளு."

மறுநாள் விடியலில் குலவைச் சத்தம் கேட்டது. நான் படகேறவில்லை, கரையிலிருந்து பார்த்தேன். பாசி மத்தியானம் வந்தது. அதை உதறி, கல்லும் சிப்பியும் பொறுக்கி, மணலில் விரித்த சாக்குகளில் பரப்ப வேண்டும். சாயங்காலத்துக்குள் இரண்டு தடவை புரட்டிப்போட வேண்டும். முதுகு விட்டுப்போயிற்று. நாலாம் நாள் மன்றத்திலிருந்து பணிநீக்கக் கடிதம் வந்தது. படித்துவிட்டுப் பாசியைப் புரட்டினேன்.

மஞ்சள் ஆமை எனக்குப் பக்கத்தில், மணலில் கிடந்தது. மேடையில்கூட வைக்க விடவில்லை, கரை என்றால் கரைதான் என்று சொல்லிவிட்டார் நம்புவள்ளி. வெயில் ஏறும் நேரத்தில் மட்டும் அவரே வந்து, "காயுது, பாவம்" என்று ஒரு ஈரச் சாக்கை அதன் மேல் போட்டுவிட்டுப் போவார். எட்டு நாள் அது ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒன்பதாம் நாள் பேசியது.

"மகிழினி, இப்போது பாரில் எத்தனை பேர் இருக்கிறார்கள்?"

"பட்டை கட்டியிருக்காங்களே. உனக்குத் தெரியாதா?"

"இங்கே ஒதுங்கி நிற்கிறேன். பார்ப்பதில்லை."

கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தேன். தீவுக்கு முன்னால் தலைகள் முங்கின, எழுந்தன. பொறுமையாக இரண்டு தடவை எண்ணினேன்.

"இருபத்தாறு" என்றேன்.

"எழுதிக்கொண்டேன்" என்றது. வேறு ஆதாரம் உண்டா என்று கேட்கவில்லை.